மாஸ்டோடனில் புதிதாகச் சேர்ந்தவர் செய்துகொள்ள வேண்டிய அமைப்புகள்

2019 நவம்பரில் வழக்கறிஞர் சஞ்சய் ஹெக்டேயின் கணக்கை ட்விட்டர் முடக்கியதையொட்டி இந்தியாவிலிருந்து ஒரு கூட்டம், ட்விட்டரைப் போன்ற சமூக வலைத்தளமான மாஸ்டோடனுக்கு வந்தது. 2022 அக்டோபரில் எலான் மஸ்க் ட்விட்டரை வாங்கியபோது உலகின் பல பகுதிகளிலிருந்தும் அதைவிடப் பெரிய கூட்டம் வந்தது. இரண்டு முறையும் வந்தவர்களில் கணிசமானோர் தங்கவில்லை. உள்ளே நுழைந்ததும் வெறுமையாகக் கிடக்கும் முகப்புப் பக்கமே அதற்கு முக்கியக் காரணம் என்பது என் எண்ணம். முகப்பை நிரப்பும் வேலையை அல்காரிதம் செய்யும் தளங்களில் பழகியவருக்கு, இங்கே அந்த வேலை தம்முடையது என்பதை யாரும் எடுத்துச் சொல்வதில்லை.

ஆய்கன் ரோஷ்கோ 2016-இல் ஜெர்மனியில் உருவாக்கி வெளியிட்ட மாஸ்டோடன், ஒரே நிறுவனத்தின் கணினியில் ஓடும் தளம் அன்று. தனியாட்களும் குழுக்களும் நடத்தும் ஏராளமான சர்வர்கள், ஆக்டிவிட்டிபப் என்னும் பொது நெறிமுறை வழியே ஒன்றோடொன்று பேசிக்கொள்கின்றன. எனவே கணக்குத் தொடங்குமுன் ஒரு சர்வரைத் தேர்ந்தெடுக்க வேண்டும். பிற்பாடு வேறு சர்வருக்கு மாறிக்கொள்ள வழி இருப்பதால், இதற்காக நாள் கணக்கில் யோசிக்கத் தேவையில்லை. ஆயினும் சர்வரின் அறிமுகப் பக்கத்தைத் திறந்து, விதிகள் என்ன, நடத்துபவர் யார், எந்தெந்தச் சர்வர்களை அது தடுத்து வைத்திருக்கிறது என்பவற்றைப் படித்துவிட வேண்டும். மாஸ்டோடனின் அதிகாரபூர்வத் தளத்தில் பட்டியலிடப்படும் சர்வர்கள், அன்றாடம் காப்புப்பிரதி எடுப்பதாகவும், மூடுவதாக இருந்தால் குறைந்தது 3 மாதங்களுக்கு முன்பே அறிவிப்பதாகவும் உறுதியளித்தவை. புதியவர் அந்தப் பட்டியலிலிருந்தே தேர்ந்தெடுப்பது நல்லது.

மிகச் சிறிய சர்வரைத் தொடக்கத்திலேயே நாட வேண்டாம் என்பேன். ஒரு சர்வருக்கு வந்து சேர்ந்த பதிவுகள் மட்டுமே அதிலுள்ளவர்களின் கண்ணில் படும். அங்கிருப்பவர்கள் யாரைப் பின்தொடர்கிறார்களோ அவர்களின் பதிவுகளே பெரும்பாலும் அங்கு வந்து சேரும். பத்துப் பேர் உள்ள சர்வரில் ஒரு ஹேஷ்டேக்கைத் தேடினால் நாலைந்து பதிவுகளும், பல்லாயிரம் பேர் உள்ள சர்வரில் அதே ஹேஷ்டேக்கைத் தேடினால் நூற்றுக்கணக்கான பதிவுகளும் வருவது இதனால்தான். வேறு சர்வரில் உள்ள ஒருவரின் பக்கம் நம் சர்வரில் காலியாகத் தெரிவதற்கும் பெரும்பாலும் இதுவே காரணம். அவருடைய சொந்தச் சர்வரில் திறந்து பார்த்தால் பழைய பதிவுகள் அனைத்தும் இருக்கும். அப்படித் திறந்த பக்கத்திலிருந்து அவரைப் பின்தொடர விரும்பினால், அந்த முகவரியை அப்படியே நகலெடுத்து, நம் சர்வரின் தேடல் பெட்டியில் ஒட்டித் தேடினால் போதும்.

கணக்குத் தொடங்கியதும் முதலில் ஹேஷ்டேக்குகளைப் பின்தொடர வேண்டும். 2022-இல் வந்த 4.0 பதிப்பு முதல், ஆட்களைப் போலவே ஹேஷ்டேக்குகளையும் பின்தொடரலாம். அவற்றைத் தாங்கிய பதிவுகள் முகப்புக்கு வந்துவிடும். தமிழ் எழுத்திலேயே ஹேஷ்டேக் இடலாம் என்றாலும், '#தமிழ்' என்பதும் '#தமிழில்' என்பதும் வெவ்வேறானவை என்பதால் புழக்கத்தில் உள்ள வடிவங்களைத் தேடிப் பார்த்துத் தனித்தனியே சேர்த்துக்கொள்ள வேண்டும். அவ்வழியாக வரும் பதிவுகளில் பிடித்தவற்றை எழுதியவர்களைப் பின்தொடரத் தொடங்கினால் முகப்பு தானாகச் சூடுபிடிக்கும். ஒருவரின் பதிவை விரும்பியதாகக் குறித்தால் அவருக்கு அறிவிப்புப் போகுமே தவிர, அந்தப் பதிவு நம்மைப் பின்தொடர்பவர்களின் முகப்புக்குப் போகாது. பிறருக்குப் பரவ வேண்டுமானால் பூஸ்ட், அதாவது மறுபகிர்வு, செய்ய வேண்டும்.

நாம் எழுதும்போது பதிவுப் பெட்டியில் மொழியைத் தமிழ் என்று மாற்றிவிட வேண்டும். ஆங்கிலம் என்ற குறியோடு போகும் தமிழ்ப் பதிவு, தமிழை மட்டும் காட்டுமாறு பொது ஓடைகளை (சர்வருக்கு வரும் பொதுப் பதிவுகள் ஓடும் பக்கங்களை) அமைத்துக்கொண்டவர்களுக்குத் தெரியாமல் போய்விடும்.

வேண்டாதவற்றை விலக்கும் வடிகட்டி வசதியில்தான் தமிழில் எழுதுபவர்களுக்குக் கூடுதல் கவனம் தேவை. தேர்தல் காலத்தில் அரசியல் பதிவுகளிலிருந்து சற்று விலகியிருக்க விரும்புகிறீர்கள் என்று கொள்வோம். விருப்பத்தேர்வுகளில் வடிகட்டிகள் பகுதிக்குப் போய்ப் புதிய வடிகட்டி ஒன்றை உருவாக்கி, அது எத்தனை நாள் செயல்பட வேண்டும், முகப்பில் மட்டுமா அறிவிப்புகளிலுமா என்பவற்றைக் குறித்து, சொல்லை இட வேண்டும். 'தேர்தல்' என்று இட்டால் 'தேர்தலில்', 'தேர்தலுக்கு' என்று எழுதப்பட்ட பதிவுகள் தப்பிவிடும், ஏனெனில் வேற்றுமை உருபு சேரும்போது கடைசி எழுத்தின் புள்ளி மறைந்துவிடுகிறது. புள்ளியை நீக்கி 'தேர்தல' என்று இட்டு, முழுச் சொல்லாக மட்டும் பொருத்துக என்ற கட்டத்தில் டிக் இருந்தால் அதையும் எடுத்துவிட்டால் எல்லா வடிவங்களும் அகப்படும். பதிவை அடியோடு மறைக்காமல் எச்சரிக்கையோடு மறைக்குமாறு முதலில் வைத்துப் பார்ப்பது நல்லது. சம்பந்தமில்லாதவை சிக்குகின்றனவா என்பது அப்போது தெரிந்துவிடும்.

ஒவ்வொரு பதிவையும் யார் பார்க்கலாம் என்று தனித்தனியே தீர்மானிக்கலாம். பின்தொடர்பவர்களுக்கு மட்டும் என்ற தேர்வு, பின்தொடரும் கோரிக்கைகளுக்கு நீங்களே ஒப்புதல் தருமாறு கணக்கை அமைத்திருந்தால்தான் பொருளுடையது. இல்லாவிட்டால் எவர் வேண்டுமானாலும் ஒரு பொத்தானை அழுத்திவிட்டுப் படிக்கலாம். தனிப்பட்ட செய்திகள் முனைக்கு முனை மறையாக்கம் செய்யப்படுவதில்லை. சர்வரை நடத்துபவர் நினைத்தால் படிக்க முடியும். போதாக்குறைக்கு, அத்தகைய செய்தியில் மூன்றாம் நபர் ஒருவரின் முகவரியை @ குறியோடு எழுதினால் அது அவருக்கும் போய்ச் சேரும். ஒருவரைப் பற்றி இன்னொருவரிடம் குறைசொல்ல ஏற்ற இடம் இதுவன்று.

தோற்றத்தைப் பொறுத்தவரை, கணினியில் பார்ப்பவர்கள் விருப்பத்தேர்வுகளில் மேம்பட்ட இணைய இடைமுகத்தைத் தேர்ந்தெடுத்தால் முகப்பு, அறிவிப்புகள், ஹேஷ்டேக்குகள் எல்லாம் பக்கத்தில் பக்கத்தில் பத்திகளாக நிற்கும். பதிவுகள் விரைந்து ஓடுவது எரிச்சலூட்டினால், சொடுக்கிய பிறகே புதியவற்றைக் காட்டும் மெதுநிலையை இயக்கலாம்.

சர்வர் பிடிக்கவில்லையென்றால், புதிய சர்வரில் கணக்குத் தொடங்கி, அதன் அமைப்புகளில் பழைய கணக்கின் முகவரியை மாற்றுப்பெயராகப் பதிந்துவிட்டு, பிறகு பழைய கணக்கிலிருந்து இடமாற்றத்தைத் தொடங்க வேண்டும். பின்தொடர்பவர்கள் தாமாகவே புதிய கணக்குக்கு வந்துவிடுவார்கள், பதிவுகள் வரமாட்டா. அவற்றைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளலாமே தவிர, புதிய கணக்கில் ஏற்ற இயலாது. ஒருமுறை மாறினால் மீண்டும் மாற 30 நாட்கள் காத்திருக்க வேண்டும். நாம் பின்தொடர்பவர்களின் பட்டியலையும், தடுத்தவர்களின் பட்டியலையும் சி.எஸ்.வி. எனப்படும் அட்டவணைக் கோப்புகளாக ஏற்றுமதி செய்து புதிய இடத்தில் இறக்குமதி செய்துகொள்ள வேண்டும். சர்வர் முன்னறிவிப்பின்றி நின்றுபோனால் பழைய கணக்குக்குள் நுழைந்து இடமாற்றத்தைத் தொடங்கவே வழியிராது என்பதால், மாறும் எண்ணம் இல்லாதவர்களும் இந்தக் கோப்புகளை அவ்வப்போது இறக்கித் தம் கணினியில் வைத்துக்கொள்ள வேண்டும்.