பேரப்பிள்ளையோடு தாமஸ் பார்ப்பது எப்படி

நீல எஞ்சின், உருண்டை முகம், எந்நேரமும் சிரிப்பு. பேரனை மடியில் வைத்துக்கொண்டு டிவியில் 'தாமஸ்' என்ற எஞ்சின் கதைத் தொடரைப் போட்ட அன்று, அரை மணி நேரம் நிம்மதி என்றுதான் நினைத்தேன். மூன்றாவது கதையிலேயே ஒரு எஞ்சினைச் சுரங்கத்துக்குள் வைத்துச் சுவர் எழுப்பிவிட்டார்கள். "அது எப்ப தாத்தா வெளிய வரும்?" என்றான். ரயில்வேயில் கிளீனராகச் சேர்ந்து, ஃபயர்மேனாகக் கரி அள்ளி, டிரைவராக ரிட்டையர் ஆனவன் நான். எனக்கே பதில் வரவில்லை. அதன் பிறகு நானே முதலில் உட்கார்ந்து எல்லாவற்றையும் பார்த்தேன். வீட்டில் வாண்டு வைத்திருக்கும் தாத்தா பாட்டிகளுக்கு என் அனுபவம் உதவலாம்.

முதல் வேலை, எந்தத் தாமஸ் என்று பார்ப்பது. 2021-இல் தொடங்கிய கார்ட்டூன் வகை ஆடல் பாடல்தான். கண்ணை மூடிக்கொண்டு போட்டுவிடலாம். 1984-இல் ஆரம்பித்த, பொம்மை எஞ்சின்களை ஓடவிட்டுப் படம் பிடித்த பழைய வரிசைக்குத்தான் பக்கத்தில் ஆள் வேண்டும். அதன் கதைகள் இங்கிலாந்துப் பாதிரியார் வில்பர்ட் ஆட்ரி எழுதிய புத்தகங்களிலிருந்து வந்தவை. அம்மை போட்டுப் படுத்திருந்த மகன் கிறிஸ்டோபருக்குச் சொல்ல ஆரம்பித்தவர். முதல் புத்தகம் 1945-இல் வந்தது. மனிதர் ரயில் பைத்தியம். நிஜ ரயிலில் நடந்ததை எடுத்து முகம் வைத்த எஞ்சின் தலையில் கட்டிவிடுவார். கதையில் இருக்கிற பாதி இருட்டு அப்படி வந்ததுதான், பயமுறுத்துவதற்காகக் கட்டியதில்லை. இது தெரிந்தால் பதில் சொல்வது சுலபம்.

சுவர் வைத்த எஞ்சின் பெயர் ஹென்றி. மழையில் பச்சைப் பெயிண்ட் கெட்டுவிடும் என்று சுரங்கத்தை விட்டு வர மாட்டேன் என்கிறான். பயணிகள் இறங்கிக் கயிறு கட்டி இழுக்கிறார்கள். டாக்டர் கூடாதென்று சொல்லியிருக்கிறார் என்று ரயிலை நடத்தும் குண்டு அதிகாரி மட்டும் கை வைப்பதில்லை. (இப்படி ஒரு ஆபீசரை எல்லா டிவிஷனிலும் பார்க்கலாம்.) கடைசியில் தண்டவாளத்தைப் பெயர்த்து, சுவர் கட்டி, பக்கத்தில் வேறு சுரங்கம் வெட்டிக்கொள்கிறார்கள். இந்தத் தண்டனை தகும்தானே என்று கதைசொல்லி வேறு நம்மைக் கேட்கிறார்.

இங்கே நிறுத்தவே நிறுத்தாதீர்கள். நான் நிறுத்தினேன், பையன் ராத்திரி தூங்கவில்லை. அடுத்த கதையையும் கையோடு போட்டுவிடுங்கள். அதில் பெரிய எஞ்சின் கோர்டனுக்கு சேஃப்டி வால்வு போய்விடும், வண்டியை இழுக்க ஆள் வேண்டும், ஹென்றியை வெளியே விடுவார்கள். அப்புறம் அந்தக் 'தகும்தானே' கேள்வியைப் பிள்ளையிடமே கேளுங்கள். என் பேரன் யோசித்து, "ஒரு குடை குடுத்திருக்கலாம்" என்றான். நான் என் பங்குக்கு, எஞ்சின் நகரவில்லையென்றால் நாங்கள் பிரஷர் பார்ப்போம், கொத்தனாரைக் கூப்பிட மாட்டோம் என்றேன். சிரித்துவிட்டான்.

அடுத்தது ஸ்கிராப் கதைகள், அதாவது பழைய எஞ்சினை உடைத்துப் போடும் கதைகள். பிள்ளையைவிட என்னைத்தான் இவை படுத்தின. டொனால்டும் டக்ளஸும் இரட்டையர். ஒருவனைத்தான் கேட்டார்கள், இருவரும் வந்து நிற்கிறார்கள். திரும்பிப் போகிறவனுக்கு உடைப்பு என்பதால், யார் எவன் என்று தெரியாதபடி நம்பரையே எடுத்துவிட்டு வருகிறார்கள். ஆலிவர் உடைப்புக்குத் தப்பி ஒளிந்து ஒளிந்து வருகிறான், டக்ளஸ் ராத்திரியில் அவனைக் கூட்டிவருகிறான். ஆலிவர் கதை இருக்கும் புத்தகம் வந்த வருஷம் 1968. அதே ஆகஸ்டில்தான் பிரிட்டிஷ் ரயில்வேயில் நீராவி முடிந்தது. அதற்குள் ஆயிரக்கணக்கில் உடைத்துத் தள்ளிவிட்டார்கள். நம்மூரில் அகலப் பாதையில் 1995 வரை ஓடியது. நான் கரி போட்ட ஒய்.பி. வகை மீட்டர் பாதை எஞ்சின்களும் ஷெட் ஓரத்தில் 'கண்டம்' (உடைப்புக்கு ஒதுக்கியது) என்று சுண்ணாம்பில் எழுதி நின்றதைப் பார்த்திருக்கிறேன்.

'ஸ்கிராப்னா என்ன?' என்று கேட்டால் 'தூங்கப் போயிடுச்சு' என்று மழுப்பாதீர்கள். பிறகு படுக்கப் போகவே பயப்படும். வெட்டி, உருக்கி, அந்த இரும்பை வேறு எதற்காவது எடுத்துக்கொள்வார்கள் என்று உள்ளதைச் சொல்லுங்கள். பேரன் கேட்ட அடுத்த கேள்வி, "நம்ம கேட்டு எந்த எஞ்சின் தாத்தா?" வயல் பக்கம் திறக்கும் இரும்பு கேட்டைத்தான் சொன்னான். இப்போது அதற்குப் பெயர் ஆலிவர்.

ஐந்து வயது ஆகும்வரை தள்ளிவைக்க வேண்டியவை இரண்டு. அடிக்கடி தடம் புரண்ட ஸ்மட்ஜர் என்ற எஞ்சினைச் சக்கரம் கழற்றி, ஷெட்டுக்குப் பின்னால் ஜெனரேட்டர் ஆக்கிவிடுவது ஒன்று. மற்ற வேகன்கள் பார்க்க ஸ்கரஃபி என்ற வேகனை ஆலிவர் இழுத்துப் பிய்த்தே போடுவது இன்னொன்று.

காட்ரெட் கதை புத்தகத்தில் இருக்கிறது. மலை ரயில் எஞ்சின், கவனமில்லாமல் இறங்கிச் சரிவில் உருண்டுவிடும். பிறகு அதன் உறுப்புகளை ஒவ்வொன்றாகக் கழற்றி மற்ற எஞ்சின்களுக்குப் போட்டுவிடுவார்கள். இதற்கு மூலம் வேல்ஸில் ஸ்னோடன் மலை. 1896 ஏப்ரல் 6, திறப்பு நாளன்றே 'லாடஸ்' என்ற முதலாம் நம்பர் எஞ்சின், அதன் பல்சக்கரம் பிடித்து ஏறும் பல் தண்டவாளத்தை விட்டு விலகிப் பள்ளத்தில் போனது. டிரைவரும் ஃபயர்மேனும் குதித்துத் தப்பினார்கள். பெட்டிகளைப் பிரேக் பிடித்து நிறுத்திவிட்டது; பயந்து பெட்டியிலிருந்து குதித்த பயணி ஒருவர் இறந்தார்.

லாடஸைச் செய்தது ஸ்விட்சர்லாந்தில் விண்டர்தூர் ஊர்க் கம்பெனி. நம் ஊட்டி ரயிலின் பழைய எக்ஸ் வகை எஞ்சின்களும் அங்கிருந்து வந்தவைதான். கல்லாறிலிருந்து குன்னூர் வரை அதே மாதிரி பல் தண்டவாளம். ஆகவே இந்தக் கதையை வீட்டில் சொல்லாதீர்கள், மேட்டுப்பாளையத்தில் வண்டி ஏறுவதற்கு முன்னும் சொல்லாதீர்கள். நான் சொல்லித் தொலைத்தேன். கல்லாறு தாண்டியதும் பேரன் என் சட்டையைப் பிடித்துக்கொண்டான். அவனைத் தூக்கி, பெட்டி முகப்பில் நிற்கும் பிரேக்ஸ்மேனைக் காட்டினேன். ஒவ்வொரு பெட்டிக்கும் ஒரு ஆள், எஞ்சின் போனாலும் நம்மை இவர் பிடித்துக்கொள்வார் என்றேன். குன்னூர் வருகிற வரை அந்த மனிதரின் கையைத் தவிர வேறெதையும் அவன் பார்க்கவில்லை.