காலியம் தொட்டால் அலுமினியம் காலி: வீட்டில் செய்து பார்க்கலாம்

திருகோணமலையில் இந்தப் பரிசோதனைக்கு அடுப்பே வேண்டாம். காலியம் என்ற உலோகம் 29.76 பாகை செல்சியசில் உருகிவிடும். வைகாசி வெயிலில், உப்புவெளியில் எங்கள் வீட்டு விறாந்தையில் காலை பத்து மணிக்கே அது போத்தலுக்குள் தளும்பிக்கொண்டு கிடக்கும். மாரி மழைக்கு இறுகிப்போனால் போத்தலைச் சுடுதண்ணீர்க் கோப்பைக்குள் கொஞ்ச நேரம் வையுங்கள். கன்னியா வெந்நீரூற்றுத் தண்ணீரே போதும் என்று பகிடியாகச் சொல்வோம், அது பொய்யும் இல்லை.

ஐந்து கிராம் காலியம் தாராளம். அதோடு ஒரு வெறும் சோடா ரின், அரத்தாள், காது துடைக்கும் பஞ்சுக்குச்சி, கையுறை, பழைய பிளாஸ்டிக் தட்டு. ரின்னில் காந்தம் ஒட்டிப் பார்க்கவும். ஒட்டினால் அது அலுமினியம் இல்லை. மீன் ரின் சரிவராது, அது இரும்பு. மோதிரம், காப்பு எல்லாவற்றையும் கழற்றி அறைக்குள் வைத்துவிட்டு வாருங்கள். தங்கத்தோடும் வெள்ளியோடும்கூட இது கலந்துவிடும்.

முதல் வேலை சுரண்டுவது. முதல்முறை நான் இதைச் செய்யாமல் விட்டேன். இரண்டு நாளாகியும் காலியத் துளி சேம்பிலைத் தண்ணீர் மாதிரி உருண்டபடியே இருந்தது. ரின்னின் மேலே மை. அதற்கும் கீழே அலுமினியம் தனக்குத்தானே போர்த்திக்கொள்ளும் ஒட்சைட்டுப் படலம். கண்ணுக்குத் தெரியாத மெல்லிசு, ஆனால் நல்ல காவல்காரன். சுரண்டிய இடத்திலும் காற்றுப் பட்ட உடனே திரும்ப வந்துவிடும்.

ஆகவே ஐம்பது சதக் குற்றியளவு இடத்தில் மை போகுமட்டும் தேயுங்கள். அதன் மேல் ஒரு துளி காலியம் விட்டு, துளிக்குள்ளேயே பஞ்சுக்குச்சியால் அழுத்தித் தேயுங்கள். திடீரென்று துளி உருண்டை கலைந்து, கண்ணாடியில் எண்ணெய் பட்டது போலப் படரும். அந்தக் கணம்தான் படலம் உடைந்த கணம். அப்புறம் கை வைக்காதீர்கள். ரின்னைத் தட்டில் படுக்கவைத்து ஓர் இரவு விடுங்கள். சில மணி நேரத்திலேயே ஆகிவிடுவதும் உண்டு.

விடிந்ததும் அந்த இடத்தை விரலால் குத்திப் பாருங்கள். ஈரக் கடதாசி போலக் கிழியும், விளிம்பு பிஸ்கட் மாதிரிப் பொடியும். அலுமினியம் முழுவதும் கரைந்துபோகவில்லை. அது சின்னச் சின்ன மணிகள் நெருக்கி அடுக்கிய கல்மதில் மாதிரி. காலியம் கல்லை விட்டுவிட்டு இடுக்கில் இருக்கும் சாந்துக்குள் ஊறுகிறது. பிடிப்புப் போனால் மதில் நிற்குமா?

ஆசை இருந்தால் கிழிந்த துண்டொன்றைத் தண்ணீரில் போடுங்கள், நகத்தளவு போதும். குமிழ் குமிழாய் வருவது ஐதரசன். படலம் இல்லாத அலுமினியம் தண்ணீரோடு நேரே தாக்கம் புரிகிறது. முற்றத்தில் செய்யுங்கள், பக்கத்தில் நெருப்பு வேண்டாம், மூடியும் போடாதீர்கள். அடியில் சாம்பல் நிறச் சேறு தங்கும்.

இதையே பாதரசத்தில் செய்து பார்ப்போமா என்று யாராவது கேட்பார்கள். வேண்டாம். பாதரசமும் அலுமினியத்தைத் தின்னும்தான், ஆனால் அதன் ஆவி நஞ்சு. காலியத்துக்கு அறை வெப்பத்தில் அந்தத் தொல்லை இல்லை. கையில் பட்டால் கரியைத் தொட்டது போல அழுக்காகும், சவர்க்காரம் போட்டுக் கழுவலாம்.

மிச்சத்தைப் பிளாஸ்டிக் போத்தலில் வையுங்கள். இறுகும்போது கிட்டத்தட்ட மூன்று வீதம் பருக்கும், கண்ணாடி என்றால் வெடிக்கலாம். தட்டைக் குசினியில் மட்டும் கழுவாதீர்கள். நான் கழுவினேன். ஒரு பொட்டுத் தெறித்து அம்மாவின் அலுமினியக் கேத்தல் மூடியில், தேய்ந்து கீறல் விழுந்த இடத்தில் உட்கார்ந்திருக்கிறது. மூன்றாம் நாள் தேத்தண்ணிக்கு மூடியைத் தூக்கினா அம்மா. குமிழ் மட்டும் கையோடு வந்தது.