படத்தொடரில் கதை நழுவும் இடங்கள்

பவானி ஜமக்காள நெசவை, கதை சொல்லும் புகைப்படத் தொடராக எடுக்கச் செல்பவர்களில் பலர், ஒரே படத்தைப் பலமுறை எடுத்துக்கொண்டு திரும்புகிறார்கள்: தறியில் அமர்ந்த முதியவர், சன்னல் வெளிச்சம், முகச் சுருக்கங்கள். தனித்தனியே பார்த்தால் எல்லாமே அழகான படங்கள்தாம். வரிசையாக வைத்தால், முதல் படம் சொல்லாத எதையும் இரண்டாவது படம் சொல்வதில்லை.

தொழிலைக் கேட்டு அறியாமல் கேமராவை எடுப்பதே இதற்குக் காரணம். அகலமான ஜமக்காளத்தை இருவர் அருகருகே அமர்ந்து, குறுக்கே ஓடும் ஊடை நூலைச் சுமந்து செல்லும் நாடா என்ற கருவியைக் கைமாற்றி நெய்வார்கள் என்பதை முன்பே கேட்டுத் தெரிந்துகொண்டவர், ஒருவர் முகத்தை மட்டும் நெருங்கி எடுத்தால் அந்த நெசவின் அடிப்படையே சட்டகத்துக்கு வெளியே போய்விடும் என்பதை உணர்வார். அவர் முதலில் விலகி நின்று கூடம் முழுவதையும் எடுப்பார். பிறகு இருவரும் சேர்ந்த படம், நாடா கைமாறும் கணம், தறிக்குக் கீழே உள்ள குழிக்குள் மிதியை அழுத்தும் கால் என்று நெருங்குவார்.

நாடா நகரும் படத்தில் இன்னொரு தவறும் நேர்கிறது. கேமராவின் ஷட்டர் நொடியில் 1/1000 பங்கு நேரமே திறக்கும் வேகத்தில் எடுத்தால் நாடா உறைந்து, நீளவாக்கில் கட்டிய பாவு நூல்களின் மேல் யாரோ வைத்துவிட்டுப் போன பொருளைப் போலத் தெரியும். அந்த வேகத்தை 1/15 அளவுக்குக் குறைத்து, தூணில் சாய்ந்து கையை அசைக்காமல் எடுத்தால், நெய்பவரின் உடல் ஓரளவு தெளிவாக நிற்க, நாடாவின் ஓட்டம் மட்டும் கோடாக இழுபடும். மங்கலான கூடத்தில் ஃபிளாஷ் போடுவதை நான் ஒருபோதும் பரிந்துரைக்க மாட்டேன். அந்த இடத்தின் வெளிச்சமும் கதையில் ஒரு பகுதிதான்.

படக்குறிப்பில், படத்தில் தெரிவதையே திரும்ப எழுதுவது வீண். மாட்டுச் சந்தையில் துண்டுக்கு அடியில் இருவர் கை கோத்திருக்கும் படத்துக்கு ‘சந்தையில் இரு வியாபாரிகள்’ என்று எழுதினால், விரல்களைப் பிடித்துச் சுற்றியிருப்போர் அறியாமல் விலை பேசுகிறார்கள் என்பது வாசகருக்கு எட்டாமலே போய்விடும்.

தொடருக்குப் படம் தேரும்போது, மிக அழகான படத்தைக் கைவிட மனம் வராது. வரிசையில் அதற்கு வேலை இல்லையென்றால் விட்டுவிட வேண்டும். எனக்கும் இது இன்றளவும் வலிக்கிற காரியம்தான்.

அவசரமே இவை எல்லாவற்றுக்கும் வேர். 1948இல் அமெரிக்காவின் லைஃப் இதழுக்காக ஒரு கிராமத்து மருத்துவரைப் படமெடுத்த புகைப்படக்காரர் யூஜின் ஸ்மித், 23 நாட்கள் அவருடன் இருந்தார். நமக்கு அத்தனை நாட்கள் வாய்க்காவிட்டாலும், எடுத்த படங்களை அச்சிட்டு எடுத்துக்கொண்டு ஒருமுறையாவது அதே கூடத்துக்குத் திரும்பிச் செல்லலாம். நான் அப்படிச் சென்றபோது, நெசவாளர் படங்களை வரிசையாகப் பார்த்துவிட்டு, “ஏனுங்க, பாவு பிணைக்கறதைக் காணமுங்களே?” என்று கேட்டார். பழைய பாவின் இழைகளோடு புதிய பாவின் இழைகளை இணைக்கும் அந்த வேலையை எடுக்க, மறுநாள் காலை மீண்டும் போனேன்.