அயர்லாந்திலிருந்து கப்பலேறிய மூதாதையரைப் பங்குப் பதிவேடுகளிலும் குடிக்கணக்கிலும் தேடும் முறை

அமெரிக்காவில் குடியேறிய ஐரிஷ் மூதாதையர் ஒருவரின் பூர்வீகத்தைத் தேடப் புறப்படுவோர் பலர், முதல் நாளே அயர்லாந்தின் பதிவேடுகளைத் திறந்து 'பேட்ரிக் மர்ஃபி' என்று தட்டச்சு செய்துவிட்டு, வந்து குவியும் பெயர்களுக்கு நடுவே திகைத்து நிற்கிறார்கள். அந்நாட்டின் பழைய ஆவணங்கள் ஊர்வாரியாக அடுக்கப்பட்டவை. மாவட்டம் போன்ற 32 கவுண்டிகளைக் கொண்ட அந்தத் தீவில், டவுன்லேண்ட் எனப்படும் சிற்றூர்ப் பிரிவுகள் மட்டும் 60,000-க்கும் மேல் உள்ளன. எந்தப் பங்கு (ஒரு கிறிஸ்தவக் கோயிலைச் சேர்ந்த ஊர்ப்பகுதி), எந்த டவுன்லேண்ட் என்று தெரியாமல் ஒருவரைத் தேடுவது, சொந்த ஊர் தெரியாமல் 'முருகேசன்' என்பவரை மதுரைப் பக்கம் விசாரிப்பதற்கு ஒப்பாகும். ஊர்ப்பெயரோ பெரும்பாலும் அவர் சென்று சேர்ந்த நாட்டின் ஆவணங்களில்தான் கிடைக்கும். எனவே தேடலை அமெரிக்காவிலிருந்து தொடங்கி, அவருடைய மரணத்திலிருந்து பின்னோக்கி நகர்வதே சரியான முறை.

அமெரிக்கக் குடிக்கணக்கில், அதாவது மக்கள்தொகைக் கணக்கெடுப்பில், வீட்டிலுள்ள ஒவ்வொருவரின் பெயரும் எழுதப்பட்டது 1850 முதல்தான். அதற்கு முந்தையவற்றில் குடும்பத் தலைவரின் பெயர் மட்டுமே இருக்கும். 1880-இல் குடும்பத் தலைவருக்கு ஒவ்வொருவரும் என்ன உறவு என்பதும், பெற்றோர் பிறந்த நாடும் சேர்க்கப்பட்டன. 1900-ஆம் ஆண்டுக் கணக்கு நமக்கு மிகவும் பயன்படும், ஏனெனில் பிறந்த மாதமும் ஆண்டும், நாட்டுக்குள் வந்த ஆண்டும், குடியுரிமை பெற்றாரா என்பதும், ஒரு பெண் எத்தனை பிள்ளைகளைப் பெற்றார், அவர்களில் எத்தனை பேர் உயிரோடு உள்ளனர் என்பதும் அதில் கேட்கப்பட்டன. இடையிலுள்ள 1890-ஆம் ஆண்டுக் கணக்கு, 1921-இல் வாஷிங்டனில் நேர்ந்த தீ விபத்தை அடுத்து ஏறக்குறைய முழுவதும் இல்லாமல் போயிற்று. இவற்றில் பிறந்த இடம் என்ற கட்டத்தில் 'அயர்லாந்து' என்ற ஒரு சொல்லே இருக்கும் என்பதால், ஊரை அங்கே எதிர்பார்க்க வேண்டாம். வயதையும் வந்த ஆண்டையும்கூட அப்படியே நம்பலாகாது. கணக்கெடுப்பவர் வந்தபோது பதில் சொன்னது யார் என்பது தாளில் இருக்காது. ஒருவர் எத்தனை கணக்கெடுப்புகளில் தென்படுகிறாரோ அத்தனையையும் வரிசையாக எழுதி, எந்த விவரம் மாறாமல் நிற்கிறது என்று பாருங்கள்.

பெயரை மட்டும் நம்பினால் என்ன ஆகும் என்பதற்கு ஆனி மூரின் கதையே போதும். 1892 ஜனவரி 1 அன்று நியூயார்க் துறைமுகத்தின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் திறக்கப்பட்டபோது, 'நெவாடா' கப்பலில் தன் இரு தம்பிகளுடன் வந்து முதலாவதாகப் பதிவானவர், கார்க் கவுண்டியைச் சேர்ந்த இந்தப் பெண். அவர் பின்னாளில் டெக்சாஸுக்குப் போய் அங்கேயே இறந்தார் என்று பல பத்தாண்டுகள் எல்லோரும் நம்பினர். மேகன் ஸ்மோலென்யாக் என்ற வம்சாவளி ஆய்வாளர் ஆவணங்களைச் சரிபார்த்தபோது, அந்த டெக்சாஸ் பெண் இல்லினாய் மாநிலத்தில் பிறந்த வேறோர் ஆனி மூர் என்பது தெரியவந்தது. உண்மையான ஆனி நியூயார்க்கைவிட்டுப் போகாமலேயே வாழ்ந்து 1924-இல் மறைந்தவர் என்பது 2006-இல்தான் உறுதியாயிற்று. சிலை வைக்கப்பட்ட ஒருவருக்கே இந்த நிலை என்றால், நம் மூதாதையரின் விஷயத்தில் எவ்வளவு எச்சரிக்கை வேண்டும்!

ஊர்ப்பெயர் ஒளிந்திருக்கக்கூடிய இடங்கள் பல. கல்லறைக் கல்லும் நாளிதழ் மரண அறிவிப்பும் முதலில் பார்க்கத்தக்கவை. அமெரிக்கக் கத்தோலிக்கக் கோயில்களின் திருமணப் பதிவேட்டில், மணமக்களின் அயர்லாந்துப் பங்கையோ கவுண்டியையோ சில குருக்கள் குறித்து வைத்தனர். அரசுச் சான்றிதழோடு நின்றுவிடாமல் கோயில் பதிவையும் கேட்டுப் பெறுவது இதனால்தான் அவசியம். குடியுரிமை ஆவணங்கள் 1906-க்கு முன் பெரும்பாலும் நாட்டின் பெயரோடு நின்றுவிடும். அதன் பின் வந்த சீரான படிவங்களில் பிறந்த ஊர் இருக்கும். நியூயார்க்கில் 1850-இல் தொடங்கப்பட்ட எமிக்ரண்ட் சேமிப்பு வங்கி, கணக்கு வைத்திருந்தோரை அடையாளம் காண்பதற்காகப் பிறந்த ஊர், பெற்றோர், உடன்பிறந்தோர், வந்த கப்பல் ஆகியவற்றையெல்லாம் பேரேட்டில் எழுதி வைத்தது. 'பாஸ்டன் பைலட்' இதழில் 1831 முதல் 1921 வரை வெளியான 'காணாமற்போன நண்பர்கள்' விளம்பரங்களும் அத்தகையவையே. தொடர்பு விட்டுப்போன அண்ணனையோ கணவனையோ தேடியவர்கள், அவர்களுடைய சொந்தப் பங்கின் பெயரைத் தவறாமல் குறிப்பிட்டனர்.

குடியேறியவர் படைவீரராக இருந்திருந்தால் வேலை எளிதாகும். பிரிட்டிஷ் படையிலிருந்து ஓய்வூதியத்தோடு விடுவிக்கப்பட்டோரின் தாள்களில் பிறந்த பங்கு எழுதப்பட்டிருக்கும். இவை லண்டன் கியூவிலுள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. சென்னை ராஜதானியில் பணியாற்றி இங்கேயே குடும்பம் கண்ட ஐரிஷ் சிப்பாய்களின் வழிவந்த ஆங்கிலோ இந்தியக் குடும்பத்தினர், பிரிட்டிஷ் நூலகத்தில் 'என்/2' என்ற வரிசையில் உள்ள சென்னை ராஜதானியின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவுகளிலிருந்து தொடங்கலாம்.

ஊர்ப்பெயர் கிடைத்தாலும் அதன் எழுத்துக்கூட்டலை நம்ப வேண்டாம். ஐரிஷ் மொழிப் பெயரை ஆங்கிலம் மட்டும் அறிந்த எழுத்தர் காதில் விழுந்தவாறு எழுதியிருப்பார். அதை வாய்விட்டுப் படித்துப் பார்த்தபின், அயர்லாந்தின் ஊர்ப்பெயர்த் தரவுத்தளத்தில் ஒலியால் நெருங்கிய பெயர்களைத் தேட வேண்டும். ஒரே பெயரில் பல டவுன்லேண்டுகள் இருப்பதும் சாதாரணம். நிலநிர்வாகத்துக்கான சிவில் பங்கும் கத்தோலிக்கத் திருச்சபையின் பங்கும் வேறு என்பதை இங்கேயே மனத்தில் கொள்ள வேண்டும். எல்லைகள் ஒத்திரா, பல இடங்களில் பெயரும் ஒத்திராது.

இனி அயர்லாந்துக்குள் நுழையலாம். 1821 முதல் 1851 வரையிலான நான்கு குடிக்கணக்குகளின் பெரும்பகுதி, உள்நாட்டுப் போரின்போது 1922 ஜூன் 30 அன்று டப்ளின் ஃபோர் கோர்ட்ஸ் நீதிமன்ற வளாகத்திலிருந்த பொது ஆவணக் காப்பகம் வெடித்து எரிந்தபோது சாம்பலாயிற்று. 1861, 1871 கணக்குகளை அரசே முன்னமே அழித்துவிட்டது. 1881, 1891 கணக்குகள் முதல் உலகப் போர்க்காலக் காகிதத் தட்டுப்பாட்டில் கூழாக்கப்பட்டன. பகைவரைக் காட்டிலும் பணியாளர்களே இந்த ஆவணங்களுக்கு அதிகக் கேடு செய்தனரோ என்று தோன்றுகிறது. முழுமையாக எஞ்சியவை 1901, 1911 கணக்குகள். அயர்லாந்து தேசிய ஆவணக் காப்பகத்தின் தளத்தில் இவற்றை இலவசமாகப் பார்க்கலாம். 1840-களின் உருளைக்கிழங்குப் பஞ்ச காலத்தில் போனவருக்கு 1901-இல் என்ன வேலை என்று கேட்கலாம். அவர் இருக்கமாட்டார், ஊரில் தங்கிவிட்ட தம்பியும் தம்பி மக்களும் அதே டவுன்லேண்டில் இருப்பார்கள். குடும்பத் தாளோடு நிறுத்தாமல் வீட்டுப் படிவத்தையும் திறந்து பாருங்கள்: சுவர் கல்லா மண்ணா, கூரை ஓலையா, எத்தனை அறைகள், முகப்பில் எத்தனை சன்னல்கள் என்று காவலர் எண்ணி எழுதியது அதில் இருக்கும்.

1901-இல் 56 வயது சொன்ன ஒருவர் 1911-இல் 71 என்று சொல்லியிருப்பதைக் கண்டால் வியக்க வேண்டாம். 70 வயது நிறைந்தோருக்கு 1909-இல் முதியோர் ஓய்வூதியம் வந்ததன் விளைவு இது. அரசுப் பிறப்புப் பதிவு 1864-இல்தான் தொடங்கியது என்பதால், வயதை நிறுவ அன்றைக்கு இருந்த 1841, 1851 கணக்குகளில் தேடுமாறு மக்கள் விண்ணப்பித்தனர். அந்த விண்ணப்பத் தாள்கள் எஞ்சியுள்ளன. பெற்றோர் பெயரும் டவுன்லேண்டும் அவற்றில் இருப்பதால், எரிந்துபோன கணக்கின் துணுக்குகள் அவற்றின் வழியே நமக்குக் கிடைக்கின்றன.

கத்தோலிக்கப் பங்குப் பதிவேடுகளின் படிமங்களை, ஏறத்தாழ 1880 வரையிலானவற்றை, அயர்லாந்து தேசிய நூலகம் 2015 முதல் இணையத்தில் இலவசமாக வைத்திருக்கிறது. அங்கே பெயரால் தேட முடியாது. வரைபடத்தில் பங்கைத் தேர்ந்து, பக்கம் பக்கமாகப் புரட்ட வேண்டும். மேற்குக் கவுண்டிகளில் பல பதிவேடுகள் 19-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிக்குச் சற்று முன்தான் தொடங்குகின்றன என்பதால், தொடக்க ஆண்டை முதலில் பார்த்துக்கொள்வது வீண் உழைப்பைத் தவிர்க்கும். புராட்டஸ்டண்ட் அயர்லாந்துத் திருச்சபையின் பதிவேடுகளில் பெரும்பகுதி 1922 தீயில் போயிற்று.

பதிவுகள் பல இடங்களில் இலத்தீனில் இருக்கும். தமிழ்க் கத்தோலிக்கரிடையே ஜேம்ஸ் யாகப்பராகவும் ஜான் அருளப்பராகவும் வழங்குவதைப் போல, அங்கே ஜேம்ஸ் 'யாகோபுஸ்' ஆகவும் வில்லியம் 'குலியெல்முஸ்' ஆகவும் இருப்பார்கள். ஒரு வரியில் நாளும், குழந்தையின் பெயரும், தந்தை பெயரும், தாயின் பெயர் அவருடைய பிறந்த வீட்டுக் குடும்பப்பெயரோடும், இறுதியில் ஞானத்தந்தை, ஞானத்தாய் பெயர்களும் வரும். அந்த இறுதிப் பகுதியை விட்டுவிடாதீர்கள். ஞானப்பெற்றோர் பெரும்பாலும் சித்தப்பா, அத்தை, தாய்மாமன் முறையினரே. பாஸ்டனில் பிறந்த குழந்தைக்கு ஞானத்தாயாக நின்ற பெண்ணின் குடும்பப்பெயர், அயர்லாந்துப் பங்கில் அதே தலைமுறையில் தென்பட்டால், சரியான ஊருக்கு வந்திருக்கிறீர்கள் என்று ஓரளவு நம்பலாம். திருமணம் வழக்கமாக மணமகளின் பங்கில் நடந்தது என்பதால், மணமகனின் ஊரில் பதிவு இல்லாவிட்டால் பக்கத்துப் பங்குகளையும் பார்க்க வேண்டும்.

1864-க்குப் பிந்தையவர் என்றால், அரசின் ஐரிஷ்ஜீனியாலஜி தளத்தில் பிறப்புப் பதிவின் படிமமே கிடைக்கும். அதில் பிறந்த நாள், கோயிலில் ஞானஸ்நானம் பெற்ற நாளுக்குப் பிந்தியதாக இருந்தால் குழம்ப வேண்டாம். தாமதமாகப் பதிய வந்த பெற்றோர் அபராதத்துக்கு அஞ்சி நாளைத் தள்ளிச் சொன்னார்கள். கோயில் நாளையே கொள்க.

பஞ்ச காலத்துத் தலைமுறைக்கு, 1847 முதல் 1864 வரை வெளியான கிரிஃபித் நில மதிப்பீடு, இல்லாத குடிக்கணக்குக்கு ஈடாக நிற்கும். டவுன்லேண்டுவாரியாக நிலம் வைத்திருந்தோர் பெயரும் நிலக்கிழார் பெயரும் அதில் உண்டு. ஒரே பெயரில் இருவர் இருந்தால், நம் கிராமத்துப் பட்டப்பெயர் போல, தந்தை பெயரையோ 'சிவப்பு' போன்ற அடைமொழியையோ பக்கத்தில் சேர்த்திருப்பார்கள். அதன் தொடர்ச்சியான திருத்தப் பேரேடுகளில் பழைய பெயரை அடித்து வண்ண மையால் புதுப் பெயர் எழுதியிருப்பதைக் கொண்டு, ஒரு குடும்பம் ஏறத்தாழ எந்த ஆண்டு நிலத்தைவிட்டு அகன்றது என்பதைக் கணிக்கலாம்.

இறுதியில், பொருந்தும் ஞானஸ்நானப் பதிவு ஒன்று கிடைத்ததும் நிறுத்திவிட வேண்டாம். அமெரிக்க மரணச் சான்றிதழிலுள்ள தாயின் குடும்பப்பெயரோடு அது ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். மூத்த மகனுக்குத் தந்தைவழிப் பாட்டனார் பெயரையும், இரண்டாம் மகனுக்குத் தாய்வழிப் பாட்டனார் பெயரையும் வைக்கும் வழக்கம் பரவலாக இருந்ததால், அமெரிக்காவில் பிறந்த பிள்ளைகளின் பெயர்களும் ஒரு சோதனையாகும். குழந்தை இறந்துவிட்டால் அதே பெயரை அடுத்த குழந்தைக்கு வைப்பதும் உண்டு. ஆகவே அதே பெற்றோரின் அடுத்த பத்து ஆண்டுப் பதிவுகளையும் படியுங்கள். ஒரே பங்கில் ஒரே பெயரில் இரு குழந்தைகள் நின்றால், உங்களுடையவர் அல்லர் என்று நினைப்பவரின் வாழ்க்கையையும் கடைசிவரை பின்தொடருங்கள். அவர் அதே பங்கில் மணம் முடித்து, 1901 கணக்கில் அதே டவுன்லேண்டில் மனைவி மக்களோடு இருப்பது தெரிந்தால், கப்பலேறியவர் மற்றவராக இருக்க வாய்ப்பு அதிகம்.