இரண்டு குழுக்களை ஒப்பிட டி-டெஸ்ட்: தொடங்கும் முன் ஒரு கேள்வி

கருதுகோள் சோதனை (கண்ணில் படும் வித்தியாசம் தற்செயலா இல்லையா என்று எண்களை வைத்துச் சோதிப்பது) என்றதும் புதிதாக வருபவர்கள் கேட்பது "எந்த டெஸ்ட் போடணும்?" என்பதைத்தான். அதற்கு முன்னால் கேட்க வேண்டியது வேறு. நீங்கள் ஒப்பிடும் இரண்டு பத்திகளிலும் (நெடுவரிசைகளிலும்) இருக்கும் எண்கள் ஒரே ஆட்களிடம் எடுத்தவையா, வெவ்வேறு ஆட்களிடம் எடுத்தவையா? இதை மென்பொருள் உங்களிடம் கேட்காது, கொடுத்ததை வாங்கிக்கொண்டு ஏதோ ஒரு விடையைக் காட்டிவிடும், அது தப்பான கேள்விக்கான விடை என்பது உங்களுக்குத் தெரியவும் தெரியாது.

சும்மா சொல்வதைவிட எண்களை வைத்தே பார்த்துவிடலாம். டப்ளினில் கின்னஸ் பீர் ஆலையில் வேலை பார்த்த வில்லியம் கோசெட், 1908-ல் 'ஸ்டூடன்ட்' என்ற புனைபெயரில் எழுதிய கட்டுரையில்தான் டி-டெஸ்ட் (சராசரிகளின் வித்தியாசத்தைச் சோதிக்கும் முறை) பிறந்தது. அதில் அவர் எடுத்துக்காட்டாக வைத்தது பத்து நோயாளிகளின் தூக்கக் கணக்கு. ஒவ்வொருவரும் வழக்கத்தைவிட எத்தனை மணி நேரம் கூடுதலாகத் தூங்கினார்கள் என்று இரண்டு மருந்துகளுக்கும் எழுதியிருக்கிறது. ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளில் 'ஸ்லீப்' என்ற பெயரில் இந்தத் தரவு கூடவே வரும்.

முதல் மருந்து: 0.7, -1.6, -0.2, -1.2, -0.1, 3.4, 3.7, 0.8, 0.0, 2.0.
இரண்டாவது: 1.9, 0.8, 1.1, 0.1, -0.1, 4.4, 5.5, 1.6, 4.6, 3.4.

(மைனஸ் என்றால் தூக்கம் குறைந்திருக்கிறது.) சராசரி 0.75, 2.33. இரண்டாவது மருந்து நன்றாக வேலை செய்வது போலத்தான் தெரிகிறது. ஆனால் பத்தே பேர், தற்செயலாகவும் இப்படி அமையலாம் இல்லையா? அந்தச் சந்தேகத்தைத்தான் இன்மைக் கருதுகோள் என்று எழுதி வைக்கிறோம்: இரண்டு மருந்துக்கும் சராசரியில் வித்தியாசமே இல்லை. அது உண்மை என்று வைத்துக்கொண்டால், இந்த அளவுக்கோ இதைவிடப் பெரிதாகவோ வித்தியாசம் வர எவ்வளவு வாய்ப்பு என்பதுதான் பி-மதிப்பு. பி எதற்குக் கீழே இருந்தால் இந்தக் கருதுகோளை ஒதுக்குவோம் என்ற எல்லையை, இங்கே 0.05, கணக்குப் போடுவதற்கு முன்பே முடிவு செய்துவிடுங்கள், விடையைப் பார்த்த பிறகு எல்லையை நகர்த்துவது போங்காட்டம்.

இப்போது இந்த இருபது எண்களையும் இருபது வெவ்வேறு ஆட்களுடையவை என்று நினைத்து வெல்ச் டி-டெஸ்ட் (தனித்தனிக் குழுக்களுக்கான வகை) போட்டால் டி, அதாவது வித்தியாசம் தற்செயலான ஆட்டத்தைப் போல எத்தனை மடங்கு என்பது, 1.86, பி 0.079. 0.05-ஐத் தாண்டிவிட்டது, அதனால் 'போதிய ஆதாரம் இல்லை' என்று எழுத வேண்டியிருக்கும்.

ஆனால் இவர்கள் இருபது பேர் இல்லையே, அதே பத்துப் பேர்தான் இரண்டு மருந்தையும் எடுத்துக்கொண்டார்கள். அப்படியானால் ஒவ்வொருவருக்கும் இரண்டாவதிலிருந்து முதலாவதைக் கழியுங்கள்: 1.2, 2.4, 1.3, 1.3, 0.0, 1.0, 1.8, 0.8, 4.6, 1.4. இப்போது கையில் இருப்பது ஒரே ஒரு பத்தி. அதன் சராசரி 1.58, திட்ட விலக்கம் (எண்கள் சராசரியைச் சுற்றி எவ்வளவு சிதறுகின்றன என்பது) 1.23. திட்ட விலக்கத்தைப் பத்தின் வர்க்கமூலமான 3.16-ஆல் வகுத்தால் 0.39, அதுதான் திட்டப்பிழை, அதாவது அந்தச் சராசரி தற்செயலாக எவ்வளவு ஆடலாம் என்பது. 1.58-ஐ அதனால் வகுத்தால் டி ஏறக்குறைய 4.06, பி 0.003-க்கும் கீழே. எண்கள் அதே எண்கள்தான், முடிவு மட்டும் தலைகீழ்.

காரணம் ரொம்ப எளிது. சிலருக்கு எந்த மருந்து கொடுத்தாலும் நன்றாகத் தூக்கம் வரும், சிலருக்கு எதைக் கொடுத்தாலும் வராது, ஆளுக்கு ஆள் இருக்கும் இந்த ஏற்ற இறக்கம்தான் முதல் கணக்கில் மருந்தின் வித்தியாசத்தை அமுக்கிவிட்டது. கழித்ததும் அது போய்விட்டது.

இதற்காக, எண்ணிக்கை சமமாக இருக்கிறதே என்று இரண்டு தனித்தனிக் குழுக்களை ஜோடி சேர்த்துவிடாதீர்கள். ஏ வகுப்பின் முதல் மாணவனுக்கும் பி வகுப்பின் முதல் மாணவனுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, அங்கே வெல்ச் தான் சரி.

எக்ஸெல்லில் செய்பவர்களுக்கு: டி.டெஸ்ட் ஃபங்ஷனில் கடைசியாகக் கேட்கும் 'டைப்' என்ற இடத்தில் 1 போட்டால் ஜோடிக் கணக்கு, 3 போட்டால் வெல்ச். 2 என்பது இரண்டு குழுக்களின் சிதறலும் சமம் என்று எடுத்துக்கொள்ளும், அதை விட்டுவிடலாம் என்பது என் கருத்து. 'டெயில்ஸ்' கேட்டால் 2, வித்தியாசம் எந்தப் பக்கம் இருந்தாலும் கணக்கில் வரும். ஆர் தானாகவே வெல்ச் எடுக்கும். பைத்தான் மொழியின் கணக்குத் தொகுப்பான சைபை தானாக எடுப்பது சம சிதறல் வகையை, அதனால் அங்கே அதை நீங்களாகவே மாற்ற வேண்டும்.

அப்புறம், கணக்கு போடுவதற்கு முன் எண்களை ஒரு தடவை கண்ணால் பாருங்கள். மேலே கழித்து வந்த எண்களில் 4.6 தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கிறது, மற்றதெல்லாம் 2.4-க்குள். இப்படி இருக்கும்போது முடிவு அந்த ஒருவரால் மட்டும் வந்ததா என்று சோதிக்க எளிய வழி ஒன்று உண்டு. அளவை மறந்துவிட்டு, கூடியதா குறைந்ததா என்று மட்டும் எண்ணுங்கள். வித்தியாசமே காட்டாத ஒருவரை விட்டால் மீதி ஒன்பது பேருக்கும் இரண்டாவது மருந்துதான் மேல். மருந்துகளில் வித்தியாசமே இல்லையென்றால் இது நாணயம் சுண்டுவது போலத்தான்: ஒரு நாணயத்தை ஒன்பது முறை சுண்டி ஒன்பது முறையும் ஒரே பக்கம் விழ வாய்ப்பு 512-ல் 2, அதாவது 0.004. ஆக முடிவு அந்த 4.6-ஐ மட்டும் நம்பி நிற்கவில்லை.

எழுதும்போது 'பி 0.05-க்குக் கீழே' என்று மட்டும் போட்டு நிறுத்தாதீர்கள், படிப்பவருக்கு எத்தனை மணி நேரம் என்று தெரிய வேண்டும். இப்படி எழுதலாம்: "அதே பத்துப் பேரிடம், இரண்டாவது மருந்தில் சராசரியாக 1.58 மணி நேரம் கூடுதல் தூக்கம். 95% நம்பிக்கை இடைவெளி 0.70 முதல் 2.46 வரை, ஜோடி டி-டெஸ்ட், டி 4.06, கட்டின்மை அளவு 9, பி 0.003." (நம்பிக்கை இடைவெளி என்பது உண்மையான வித்தியாசம் இருக்கக்கூடிய எல்லை, கட்டின்மை அளவு இங்கே பத்தில் ஒன்றைக் கழித்தது.)