நிறுவனம் பிரியும்போது வேலையில் இருப்பதா, கிளம்புவதா?

பெரிய நிறுவனம் தன் பிரிவுகளில் ஒன்றைத் தனி நிறுவனமாக்கிப் பங்குச் சந்தையில் பட்டியலிடுவதை ஸ்பின்-ஆஃப் என்கிறோம். அறிவிப்பு வந்த அன்றே வேலை தேடுபவர்கள் உண்டு. கடைசி நாள்வரை எதையும் விசாரிக்காமல் இருப்பவர்களும் உண்டு. முன்னவர் கைக்கு வரவேண்டிய பணத்தை விட்டுவிட்டுப் போகிறார். பின்னவர் பேரம் பேசக்கூடிய காலத்தைத் தவறவிடுகிறார்.

அவசரப்படத் தேவையில்லை. ஐபிஎம் தன் உள்கட்டமைப்புச் சேவைப் பிரிவைப் பிரிப்பதாக 2020 அக்டோபரில் அறிவித்தது. அது கிண்ட்ரில் என்ற பெயரில் 2021 நவம்பரில்தான் தனியானது. 2021 நவம்பரில் மூன்றாகப் பிரிவதாகச் சொன்ன ஜெனரல் எலக்ட்ரிக்கின் (ஜிஇ) மருத்துவக் கருவிப் பிரிவு 2023 ஜனவரியிலும், எரிசக்திப் பிரிவு 2024 ஏப்ரலிலும் தனியாயின. முடிவெடுக்கத் தேவையான ஆவணங்கள் எல்லாம் இந்த இடைவெளியில்தான் வெளிவரும்.

"புது நிறுவனம் தேறுமா?" என்றுதான் எல்லோரும் கேட்கிறார்கள். அதற்கு முன்னால் கேட்கவேண்டியது ஒன்று இருக்கிறது: உங்கள் வேலைக்கான செலவு யார் கணக்கில் ஏறுகிறது, எந்தத் தேதிவரை?

முதலில் உங்கள் வேலை எங்கே நிற்கிறது என்று பாருங்கள்

பிரியும் தொழிலிலேயே நேரடியாக வேலை செய்பவர்களுக்கு (அந்தப் பொருளைத் தயாரிப்பவர், விற்பவர், அதற்கான மென்பொருள் எழுதுபவர்) சிக்கல் குறைவு. தொழில் எங்கே போகிறதோ அங்கே வேலையும் போகும்.

ஐடி, நிதி, சம்பளப் பட்டுவாடா, கொள்முதல், சட்டம் போன்ற பொதுத் துறைகளில் இருப்பவர்கள்தான் கவனமாக இருக்கவேண்டும். பிரிந்த நாளில் புது நிறுவனத்துக்குச் சொந்தமாகக் கணக்கு மென்பொருளோ சம்பள அமைப்போ பெரும்பாலும் இருக்காது. அதனால் தாய் நிறுவனம் சில காலம் அந்தச் சேவைகளைக் கட்டணத்துக்குச் செய்து கொடுக்கும். இதற்கான ஒப்பந்தத்தை டிஎஸ்ஏ என்பார்கள். வழக்கமாக 6 முதல் 24 மாதம்வரை ஓடும். ஒவ்வொரு சேவைக்கும் தனித்தனி முடிவுத் தேதி இருக்கும்.

நீங்கள் தாய் நிறுவனத்தில் தங்கும் பொதுத் துறை ஊழியர் என்றால், டிஎஸ்ஏ ஓடும்வரை உங்கள் குழுவின் செலவில் ஒரு பங்கைப் புது நிறுவனம் கட்டுகிறது. ஒப்பந்தம் முடிந்த மறுநாள் அந்த வருமானம் நின்றுவிடும், ஆள் எண்ணிக்கை மட்டும் பழையபடி இருக்கும். ஆட்குறைப்புப் பட்டியல் பெரும்பாலும் இங்கிருந்துதான் தொடங்குகிறது. "நான் தாய் நிறுவனத்திலேயே இருக்கிறேன், எனக்குப் பயமில்லை" என்ற நினைப்பு பலரை ஏமாற்றுவதும் இதனால்தான்.

புது நிறுவனத்துக்குப் போகும் பொதுத் துறை ஊழியரின் கதை வேறு. எல்லாவற்றையும் புதிதாகக் கட்டவேண்டும் என்பதால் முதல் ஒன்றரை வருடம் வேலை கடுமையாக இருக்கும். ஆனால் தாய் நிறுவனத்தில் வரிக்கணக்கின் ஒரு மூலையைப் பார்த்தவர் இங்கே வரித்துறை முழுவதையும் பார்ப்பார். ரெஸ்யூமேயில் இதற்குக் கனம் அதிகம். இந்தக் கட்டத்தைத் தாண்டியபின் கிளம்புவதற்கும், தொடங்கும் முன்பே கிளம்புவதற்கும் சந்தையில் கிடைக்கும் மதிப்பு வெவ்வேறு.

புது நிறுவனத்தின் தலையில் எவ்வளவு கடன்?

பட்டியலிடுவதற்கு முன் புது நிறுவனம் பொதுவெளியில் ஒரு தகவல் ஆவணம் தாக்கல் செய்யும். நூற்றுக்கணக்கான பக்கம் இருக்கும்; நீங்கள் நான்கு இடங்களைப் படித்தால் போதும்: கடன், தாய் நிறுவனத்துடனான ஒப்பந்தங்கள், பெரிய வாடிக்கையாளர்கள், ஊழியர் தொடர்பான ஒப்பந்தம்.

பல ஸ்பின்-ஆஃப்களில் புது நிறுவனம் பிரியும் முன்பே கடன் வாங்கி, அந்தப் பணத்தைத் தாய் நிறுவனத்துக்குக் கொடுத்துவிட்டுத்தான் வெளியே வருகிறது. நிகரக் கடனை (கடனில் கையிருப்புப் பணத்தைக் கழித்தது) ஆண்டின் எபிட்டாவால், அதாவது வட்டி, வரி, தேய்மானம் கழிப்பதற்கு முந்தைய லாபத்தால், வகுத்துப் பாருங்கள். 2-க்குள் இருந்தால் மூச்சுவிட இடமிருக்கிறது. ஏற்ற இறக்கம் உள்ள தொழிலில் 4-ஐத் தாண்டினால், முதல் மந்தநிலையிலேயே சம்பள உயர்வும் புதிய ஆள் சேர்ப்பும் நிற்கும் என்று கணக்கு வைத்துக்கொள்வது நல்லது.

கடன் என்ற பெயரில் வராத சுமையும் உண்டு. ஹனிவெல்லிலிருந்து 2018 அக்டோபரில் பிரிந்த கேரெட் மோஷன், ஹனிவெல்லின் பழைய ஆஸ்பெஸ்டாஸ் வழக்குச் செலவுகளில் பெரும்பங்கைப் பல ஆண்டுகளுக்குக் கட்டவேண்டிய ஒப்பந்தத்தோடு வெளியே வந்தது. 2020 செப்டம்பரில் திவால் பாதுகாப்பு கோரியது. வெரைசனிலிருந்து 2006-ல் பிரிந்த ஐடியார்க், சுமார் 900 கோடி டாலர் கடனோடு தொடங்கி 2009-ல் அதே நிலைக்கு வந்தது. மறுபக்கம், ஈபேயிலிருந்து 2015 ஜூலையில் பிரிந்த பேபால் சில ஆண்டுகளில் சந்தை மதிப்பில் ஈபேயைப் பல மடங்கு தாண்டிவிட்டது. அதற்கும் ஈபேயோடு 2020 ஜூலைவரை ஓடும் ஒப்பந்தம் இருந்தது. அது முடிவதற்குள் வெளி வாடிக்கையாளர்களைப் பெருக்கிக்கொண்டது. உங்கள் புது நிறுவனத்தின் வருமானத்தில் தாய் நிறுவனத்தின் பங்கு எவ்வளவு, அந்த ஒப்பந்தம் எப்போது முடிகிறது என்பதையும் குறித்துக்கொள்ளுங்கள்.

கையில் உள்ள பங்குகள் என்னவாகும்?

நிறையப் பேர் தடுமாறுவது இங்கேதான். ஆர்எஸ்யூ என்பது, குறித்த காலம் வேலையில் இருந்தால் பங்காகக் கைக்கு வரும் யூனிட்; அப்படிக் கைக்கு வருவதை வெஸ்ட் ஆவது என்பார்கள். இன்னும் வெஸ்ட் ஆகாத ஆர்எஸ்யூக்களை மாற்ற இரண்டு வழிகள் வழக்கத்தில் உண்டு. ஒன்றில், மற்றப் பங்குதாரர்களைப் போல உங்களுக்கும் இரண்டு நிறுவனங்களின் யூனிட்களும் கிடைக்கும். மற்றொன்றில், நீங்கள் எங்கே வேலை செய்கிறீர்களோ அந்த நிறுவனத்தின் யூனிட்களாக மொத்தமும் மாறும்.

கணக்காகப் பார்ப்போம். உங்களிடம் 300 ஆர்எஸ்யூ, பிரிவதற்கு முன் பங்கு விலை 200. மொத்தம் 60,000. ஒரு தாய்ப் பங்குக்கு 2 புதுப் பங்கு. பிரிந்தபின் தாய்ப் பங்கு 150, புதுப் பங்கு 25. முதல் வழியில் 300 தாய் யூனிட்டும் (45,000) 600 புது யூனிட்டும் (15,000) வரும். இரண்டாவது வழியில் 60,000-ஐ 25-ஆல் வகுத்து 2,400 புது யூனிட். அன்றைய தேதியில் இரண்டும் சமம்.

மூன்று வாரத்தில் புதுப் பங்கு 20-க்கு இறங்கினால்? முதல் வழியில் 57,000 மிஞ்சும். இரண்டாவதில் 48,000 தான். பிரிந்த முதல் வாரங்களில் இப்படி நடப்பது அபூர்வமல்ல. குறியீட்டு நிதிகளும் (சந்தைக் குறியீட்டில் உள்ள பங்குகளை மட்டும் வைத்திருப்பவை), இந்தச் சிறிய நிறுவனத்தைக் கேட்டு வாங்காத பங்குதாரர்களும் விற்றுத் தள்ளுவார்கள். மாற்று விலையை எந்த நாட்களின் சராசரியிலிருந்து எடுக்கிறார்கள் என்பதும் முக்கியம். விலை உச்சத்தில் இருந்த நாட்கள் என்றால் உங்களுக்குக் கிடைக்கும் யூனிட் குறையும்.

ஸ்டாக் ஆப்ஷன் (முன்பே குறித்த விலையில் பங்கு வாங்கும் உரிமை) இருந்தால் ஒரு கேள்வியைக் கட்டாயம் எழுத்தில் கேளுங்கள்: இந்த மாற்றம் வேலையிலிருந்து விலகியதாகக் கணக்கிடப்படுமா? பெரும்பாலும் இல்லை என்றுதான் பதில் வரும். ஆனால் விலகினால் ஆப்ஷனைப் பயன்படுத்தப் பல திட்டங்களில் 90 நாள்தான் அவகாசம் என்பதால், தெரியாமல் இருந்துவிடக்கூடாது.

தேதிவாரியாகப் பணத்தை எழுதுங்கள்

ஒரு தாளில் இவற்றைத் தேதி வரிசையில் எழுதவும்: ஆண்டு போனஸ் கைக்கு வரும் நாள், ஒவ்வொரு வெஸ்டிங் நாள், ரிட்டென்ஷன் போனஸின் (வேலையை விடாமல் இருப்பதற்காகத் தரும் தொகை) தவணைகள், வாங்கிய போனஸைத் திருப்பிக் கேட்கும் காலம் முடியும் நாள், உங்கள் சேவைக்கான டிஎஸ்ஏ முடிவுத் தேதி, உங்கள் நோட்டீஸ் காலம். ஒவ்வொரு மாத இறுதியிலும் கிளம்பினால் எவ்வளவு இழப்பீர்கள் என்று பக்கத்தில் எழுதுங்கள். அந்தத் தொகை சட்டென்று சரியும் மாதங்கள் இரண்டு மூன்று தென்படும். அவைதான் கிளம்ப ஏற்ற காலம். வெளியே ஆஃபர் அதற்கு முன்பே வந்துவிட்டால், இழக்கும் தொகையைச் சேரும்போது ஈடுகட்டச் சொல்லி அந்தத் தாளை வைத்தே பேசலாம்.

ரிட்டென்ஷன் போனஸில் இரண்டு வார்த்தைகளைத் தேடுங்கள். பணம் "பிரிவு நிறைவேறிய" நாளில் வருகிறதா, குறிப்பிட்ட தேதியில் வருகிறதா? பிரிவு தள்ளிப்போனால் முதல் வகையில் பணமும் தள்ளிப்போகும். பிரிவையே கைவிட்டால் என்ன என்பதும் எழுதியிருக்கவேண்டும்.

மேனேஜரிடமும் ஹெச்ஆரிடமும் கேட்க வேண்டியவை

- என் சேவைக்காலம் முதல் நாளிலிருந்து தொடர்ந்து கணக்கிடப்படுமா? மீதி விடுப்பு என்னவாகும்?
- மாற்றத்தை மறுத்தால் அது ராஜினாமாவா, இழப்பீட்டுக்கு உரிய பணிநீக்கமா?
- ஒரு நிறுவனத்தின் ஆட்களை மற்ற நிறுவனம் எடுக்கக்கூடாது என்ற தடை எத்தனை மாதம்?

மூன்றாவதைப் பலர் கேட்பதே இல்லை. "போய்ப் பார்ப்போம், பிடிக்காவிட்டால் திரும்பி வரலாம்" என்ற கணக்கு, 12 முதல் 24 மாதத் தடை இருந்தால் பலிக்காது. இரண்டாவதன் பதில் நாட்டுக்கு நாடு மாறும். ஜெர்மனியில் வேலை வேறு முதலாளிக்கு மாறும்போது, முறையான அறிவிப்பு வந்து ஒரு மாதத்துக்குள் மறுத்துப் பழைய முதலாளியிடமே இருக்க உரிமை உண்டு. பிரிட்டனில் மறுக்கலாம், ஆனால் வேலை முடிந்துவிடும். பொதுவாக அது பணிநீக்கமாகவும் கருதப்படாது. உங்களை வேலைக்கு வைத்திருக்கும் சட்டபூர்வ நிறுவனம் அப்படியே இருந்து, அதன் பங்குகள் மட்டும் கைமாறினால் இந்த விதிகள் பொருந்தாமலே போகலாம். ஆஃபர் லெட்டரில் உள்ள நிறுவனப் பெயரை எடுத்துப் பாருங்கள்.

வாய்மொழி உறுதியை நம்பி உட்காராதீர்கள். உறுதி சொன்ன மேனேஜரே மறுபக்கத்துக்கு ஒதுக்கப்படலாம். பேசி முடித்ததும், "நாம் பேசியது இதுதான், சரிதானே?" என்று ஒரு மின்னஞ்சல் அனுப்பிவிடுங்கள்.

எப்போது கிளம்பலாம்?

கடன் கனமாக இருந்து, உங்கள் வேலையும் டிஎஸ்ஏவை நம்பியிருந்தால், அது முடிய ஆறு மாதம் இருக்கும்போதே வெளியே பேசத் தொடங்குங்கள். ஆட்குறைப்பு அறிவித்தபின் உங்களைப் போன்ற பலர் ஒரே வாரத்தில் சந்தைக்கு வருவார்கள். கடன் அளவாக இருந்து, புது நிறுவனத்தில் உங்கள் பொறுப்பு கண்கூடாக விரிந்தால், ஒரு வருடம் இருப்பதே எங்கள் பரிந்துரை. இரண்டு பக்கமும் தெளிவில்லை என்றால் இருந்துகொண்டே தேடுங்கள். ஆனால் புதிய ரிட்டென்ஷன் கடிதத்தில் கையெழுத்திடும் முன் திருப்பிக் கட்டும் நிபந்தனையைப் படித்துவிடுங்கள்.

எந்த முடிவானாலும், பிரிவு நாளுக்கு இரண்டு வாரம் முன்பே உங்கள் பேஸ்லிப்கள், பங்கு ஒதுக்கீட்டுக் கடிதங்கள், வரிச் சான்றுகள், மதிப்பீட்டு அறிக்கைகளைத் தரவிறக்கி வைத்துக்கொள்ளுங்கள். அன்று இரவே பழைய போர்ட்டலுக்கான நுழைவு அடைபட்டுப்போவது சகஜம். நிறுவனத்தின் ரகசியக் கோப்புகளில் மட்டும் கைவைக்காதீர்கள்.