மாதம் ஆயிரம் ரூபாயை மலைக்கிராமத்துக் குடும்பம் கையாளும் முறை

ஏற்காட்டு மலையில் காப்பித் தோட்டக் கூலியை நம்பியிருக்கும் குடும்பத்துக்கு வருமானம் ஆண்டு முழுவதும் ஒரே சீராக வருவதில்லை. நவம்பர் தொடங்கிப் பிப்ரவரி வரை பழம் பறிப்பு இருக்கும். அதையொட்டி மிளகுப் பறிப்பு சில வாரங்கள் நீளும். அதன் பிறகு கவாத்து, களையெடுப்பு என்று தோட்டத்தில் கூப்பிடும் நாட்களில் மட்டுமே வேலை. வட்டிக்காரர் வீட்டு வாசலுக்கு வருவது அந்த மாதங்களில்தான். அரசு நேரடியாகக் கணக்கில் போடும் பணத்தைப் பற்றி ‘ஆயிரம் ரூபாயில் என்ன ஆகிவிடும்?’ என்று கேட்பவர்கள் தொகையை மட்டும் பார்க்கிறார்கள். வேலை இருந்தாலும் இல்லாவிட்டாலும் மாதம் தவறாமல் வருகிற பணம் அந்த வீட்டில் வேறு எதுவும் கிடையாது என்பதை வைத்தே அதைக் கையாள வேண்டும்.

முதல் வேலையாக, வீட்டில் யார் பெயரில் எவ்வளவு வருகிறது என்பதை ஒரு நோட்டில் எழுதிக்கொள்ள வேண்டும். கலைஞர் மகளிர் உரிமைத் தொகை 2023 செப்டம்பர் 15 அன்று மாதம் 1,000 ரூபாயாகத் தொடங்கப்பட்டது. முதியோர் ஓய்வூதியம் அதே ஆண்டில் 1,000 ரூபாயிலிருந்து 1,200 ரூபாயாக உயர்த்தப்பட்டது. ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்துக் கல்லூரிக்குப் போகும் பெண்ணுக்குப் புதுமைப் பெண் திட்டத்தில் 1,000 ரூபாய் வந்தது. பாட்டி, தாய், மகள் மூவரும் இவற்றைப் பெற்றால் அந்த வீட்டுக்கு மாதம் 3,200 ரூபாய் ஆகிறது. நிலப் பட்டா இருந்தால் பிஎம் கிசான் தொகை ஆண்டுக்கு 6,000 ரூபாய், மூன்று தவணைகளாக வரும். இவற்றை ஒரே பையில் போட்டுக் கலக்கக் கூடாது. மகளின் பணம் பேருந்துக்கும் புத்தகத்துக்கும் உரியது. பாட்டியின் பணம் பாட்டிக்கு உரியது, அது அவருடைய வெற்றிலைச் செலவாகவே இருந்தாலும் சரி. ரேஷன் அரிசி விலையில்லாமல் கிடைப்பதால், தாயின் பெயரில் வரும் ஆயிரத்தை அரிசிக் கணக்கில் சேர்க்காமல் தனியாக ஒதுக்க வழி இருக்கிறது.

அடுத்து, பணம் எந்தக் கணக்கில் விழுகிறது என்பதைப் பார்க்க வேண்டும். ஆதார் வழியாக அனுப்பப்படும் தொகை, நம் கையில் இருக்கும் பாஸ்புக் எதுவாக இருந்தாலும், கடைசியாக எந்த வங்கியில் ஆதாரை இணைக்க ஒப்புதல் கொடுத்தோமோ அந்த வங்கிக்கே போய்ச் சேரும். எங்கள் மகளிர் குழுவில் ஒரு அக்கா இரண்டு மாதம் பணம் வரவில்லை என்று அலைந்தார். சிம் கார்டு வாங்கிய கடையில் வைத்த கைரேகையில் அவருக்கே தெரியாமல் ஒரு கணக்கு தொடங்கப்பட்டு, பணம் முழுவதும் அதில் கிடந்தது. ஆதார் இணையதளத்தில் வங்கி இணைப்பு நிலையை இலவசமாகப் பார்க்கலாம். செல்போனில் முடியாதவர்கள் இ-சேவை மையத்தில் கேட்கலாம். அந்தக் கணக்கு குறைந்தபட்ச இருப்பு கேட்கும் கணக்காக இருந்தால், இருப்பு வேண்டாத அடிப்படைச் சேமிப்புக் கணக்காக மாற்றித் தரும்படி கிளையில் எழுதிக் கொடுக்க வேண்டும். உரிமைத் தொகை முதன்முதலில் வந்தபோது பலருடைய பணத்தை இருப்புக் குறைவுக்கான அபராதம் விழுங்கிவிட்டது.

பணம் எடுக்க நாகலூரிலிருந்தோ வெள்ளக்கடையிலிருந்தோ ஏற்காட்டுக்கு வந்தால் பேருந்துக் கட்டணத்தோடு ஒரு நாள் கூலியும் போய்விடும் என்பதால், இரண்டு மாதத்துக்கு ஒருமுறை எடுப்பது நல்லது. தபால்காரரிடம் கைரேகைக் கருவி இருந்தால் ஊரிலேயே எடுக்கலாம். கடையில் எடுப்பவர்கள், ‘ரேகை விழவில்லை, மறுபடி வையுங்கள்’ என்று சொல்லும் ஒவ்வொரு முறையும் இருப்பைக் கேட்டுச் சரிபார்த்த பிறகே விரலை வைக்க வேண்டும். வேலை செய்து தேய்ந்த விரல்களில் ரேகை உண்மையிலேயே விழாமல் போவதுண்டு. அதைச் சாக்காக வைத்து இரண்டு முறை எடுப்பவர்களும் உண்டு.

இனி கடனுக்கு வருவோம். இந்தப் பணம் அதிகமாக வேலை செய்யும் இடம் அதுதான். அஞ்சு வட்டிக்கு, அதாவது நூற்றுக்கு மாதம் ஐந்து ரூபாய் என்ற கணக்கில், 10,000 ரூபாய் வாங்கிய குடும்பம் வட்டியை மட்டும் கட்டினால், 15 மாதத்தில் 7,500 ரூபாய் கட்டிய பிறகும் அசல் அப்படியே நிற்கும். அதே குடும்பம் உரிமைத் தொகை ஆயிரத்தை முழுமையாகக் கொடுத்து, வட்டி போக மீதியை அசலில் கழித்துவந்தால், பதினைந்தாம் மாதத்தில் கடன் தீர்ந்துவிடும். மூணு வட்டியாக இருந்தால் பன்னிரண்டு மாதம் முடிந்ததும் அறுபது எழுபது ரூபாய்தான் பாக்கி நிற்கும். ஆனால் பல வட்டிக்காரர்கள் அசலைத் துண்டு துண்டாக வாங்க மாட்டார்கள். அவர்களுக்கு அது நட்டம். அப்போது மாதம் 500 ரூபாய் வட்டி கட்டி, மீதி 500 ரூபாயைத் தனியே சேர்த்தால் அசலை அடைக்க 20 மாதம் ஆகும். ஆகவே அசலில் கழிப்பீர்களா என்பதைக் கடன் வாங்கும் முன்பே கேட்டுவிட வேண்டும். கழிக்க மறுப்பவரிடம் வாங்கியிருந்தால், மகளிர் குழுவில் குறைந்த வட்டிக்கு உள்கடன் (குழுவின் சேமிப்பிலிருந்து உறுப்பினருக்குத் தரும் கடன்) எடுத்து அவரை ஒரேயடியாக முடித்துவிட்டு, குழுவுக்கு மாதாமாதம் கட்டுவதே மேல். 10,000 என்று எழுதிக்கொண்டு 8,500 மட்டும் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாயாக 100 நாள் வாங்கும் தண்டலுக்கு மாதம் ஒருமுறை வரும் பணம் பொருந்தாது. தண்டல் இருந்தால் அதை முதலில் முடித்துவிட்டுத்தான் மற்றக் கடன்களைப் பார்க்க வேண்டும்.

பணத்தை ஆண்கள் குடித்துவிடுவார்கள் என்ற பேச்சு அடிக்கடி எழும். மத்தியப் பிரதேசத்தில் 2011, 2012 ஆண்டுகளில் சேவா என்ற பெண் தொழிலாளர் அமைப்பு எட்டுக் கிராமங்களில் பெரியவருக்கு மாதம் 200 ரூபாய், பிறகு 300 ரூபாய் என்று நிபந்தனையின்றிக் கொடுத்துப் பார்த்தபோது, குடும்பங்கள் கடனைக் குறைத்ததும், உணவுக்கும் ஆடு மாடுகளுக்கும் செலவிட்டதும் தெரியவந்தன. அதற்காக நம் ஊரில் குடியே இல்லை என்று நான் சொல்லவரவில்லை. ஏடிஎம் அட்டையும் அதன் ரகசிய எண்ணும் பணத்துக்கு உரிய பெண்ணின் கையிலேயே இருக்க வேண்டும். அரசு இதற்கு உதவித் தொகை என்று பெயர் வைக்காமல் உரிமைத் தொகை என்று வைத்ததை, வீட்டில் சண்டை வரும்போது எடுத்துச் சொல்லலாம்.

கடன் தீர்ந்த மாதத்திலேயே, அந்த ஆயிரம் வீட்டுச் செலவில் கரைந்து பழகும் முன், அதில் ஒரு பங்கை அஞ்சலகத் தொடர் வைப்பில் போடத் தொடங்க வேண்டும். மாதம் 100 ரூபாயிலிருந்தே அது கிடைக்கும். மத்திய அரசின் காப்பீட்டுத் திட்டங்களில் சேர்ந்திருந்தால், இரண்டு லட்ச ரூபாய்க்கான விபத்துக் காப்பீட்டுக்கு ஆண்டுக்கு 20 ரூபாயும், 50 வயதுக்குள் சேருபவருக்கு அதே தொகைக்கான ஆயுள் காப்பீட்டுக்கு 436 ரூபாயும் கணக்கிலிருந்து தானாகவே பிடிக்கப்படும். மே மாதக் கடைசியில் அதற்கான பணம் கணக்கில் இல்லாவிட்டால் காப்பீடு விட்டுப்போகும்; ஆகையால் அந்த மாதம் மட்டும் 500 ரூபாயைத் தொடாமல் விட்டுவைக்க வேண்டும்.